ஊரைப் பிரித்த சுவர்

ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். தெருவின் இந்தப் பக்கம் உங்கள் வீடு. எதிர்ப்பக்கம் உங்கள் அக்கா வீடு. சனிக்கிழமை இரவு அக்கா வீட்டில் பேசியிருந்துவிட்டு வந்து படுக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வருகிறீர்கள். தெருவின் நடுவே முள்கம்பி வேலி! வேலியை ஒட்டித் துப்பாக்கியோடு சிப்பாய்கள்.

"அந்தப் பக்கம் போகக்கூடாது" என்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு? ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல. 28 ஆண்டுகளுக்கு.

இது கட்டுக்கதை இல்லை. ஐரோப்பாக் கண்டத்தில் ஜெர்மனி என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் பெரிய நகரம் பெர்லின். அங்கே 1961-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி இப்படித்தான் விடிந்தது. முதலில் முள்கம்பி வந்தது. பிறகு சுவர் வந்தது.

அந்தச் சுவரை யார் கட்டினார்கள்? ஏன் கட்டினார்கள்? கடைசியில் அது எப்படி விழுந்தது? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு போர், நான்கு பங்கு

1939-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பெரிய போர் மூண்டது. அதை இரண்டாம் உலகப்போர் என்கிறோம். ஜெர்மனியை அப்போது ஹிட்லர் ஆண்டார். அவர் பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். யூதர்கள் லட்சம் லட்சமாகக் கொல்லப்பட்டார்கள்.

ஹிட்லரை எதிர்த்து அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நாடுகள் சேர்ந்து நின்றன. சோவியத் யூனியன் என்பது ரஷ்யாவும் இன்னும் பல நாடுகளும் சேர்ந்த ஒரு பெரிய நாடு. அந்த ஒரு நாடு மட்டும் போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் மக்களை இழந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1945-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனி தோற்றது. வென்ற நான்கு நாடுகளும் ஜெர்மனியை நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டன. கிழக்குப் பங்கு சோவியத் யூனியனுக்கு. மேற்கில் இருந்த மூன்று பங்குகள் மற்ற மூவருக்கும்.

பெர்லின் நகரம் தலைநகரம் ஆயிற்றே! அதை மட்டும் யாருக்குக் கொடுப்பது? அதையும் நான்காகப் பிரித்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். பெர்லின் நகரம் சோவியத் பங்கின் உள்ளே, எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆகவே மேற்கு பெர்லின் ஒரு தீவு போல ஆகிவிட்டது. தீவைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். இந்தத் தீவைச் சுற்றிச் சோவியத் படை இருந்தது.

இரண்டாகப் பிளந்த கண்டம்

போரில் ஒன்றாக நின்றவர்கள் போர் முடிந்ததும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள்.

அமெரிக்காவிலும் மேற்கு நாடுகளிலும் தனியார் முதலாளிகள் தொழில் நடத்தினார்கள். பல கட்சிகள் தேர்தலில் நின்றன. சோவியத் யூனியனில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆண்டது. நிலம், தொழிற்சாலை, கடை எல்லாம் பொதுவில் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. உழைப்பவன் வயிறு காயக்கூடாது என்பது அதன் கனவு. ஆனால் அங்கே வேறு கட்சிக்கு இடம் இல்லை. அரசை எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள்.

சோவியத் யூனியனுக்கு ஒரு பயமும் இருந்தது. மேற்கிலிருந்து இன்னொரு படை வந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே தன் பக்கத்து நாடுகள் எல்லாம் தன் சொல் கேட்க வேண்டும் என்று விரும்பியது. போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளில் அதன் துணையோடு கம்யூனிஸ்டுக் கட்சிகள் ஆட்சிக்கு வந்தன. அங்கேயும் மற்ற கட்சிகள் ஒடுக்கப்பட்டன.

1949-ஆம் ஆண்டு ஜெர்மனி இரண்டு நாடுகள் ஆயிற்று. மேற்கு ஜெர்மனி ஒன்று. கிழக்கு ஜெர்மனி ஒன்று. இரண்டு பக்கமும் படைக்கூட்டணிகள் உண்டாயின. மேற்கில் நேட்டோ, 1949-இல். கிழக்கில் வார்சா கூட்டணி, 1955-இல். இரண்டு பக்கமும் அணுகுண்டுகள் குவிந்தன. வடக்கே பால்டிக் கடலிலிருந்து தெற்கே வரை கண்டத்தின் குறுக்கே வேலிகள் எழுந்தன. இந்தப் பிரிவினைக்கு 'இரும்புத்திரை' என்று பெயர் வந்தது.

நேருக்கு நேர் போர் இல்லை. சமாதானமும் இல்லை. இப்படியே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இதைப் 'பனிப்போர்' என்றார்கள்.

தொழிலாளர் கேட்ட கேள்வி

கிழக்கு ஜெர்மனி அரசு, "இது தொழிலாளர் ஆளும் நாடு" என்று சொன்னது. 1953-ஆம் ஆண்டு அந்தத் தொழிலாளர்களே அரசிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

கிழக்கு பெர்லினில் ஒரு பெரிய சாலையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. "கூலி அதேதான். வேலை மட்டும் பத்து சதவீதம் கூடுதலாகச் செய்ய வேண்டும்" என்று அரசு உத்தரவு போட்டது. ஜூன் 16-ஆம் தேதி கட்டடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூடுதல் வேலை எதற்கு என்று கேட்டு ஊர்வலம் போனார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நியாயமான தேர்தல் வேண்டும் என்றும் கேட்டார்கள்.

பதில் என்ன தெரியுமா? சோவியத் டாங்கிகள் வந்தன. குறைந்தது 55 பேர் இறந்தார்கள்.

1956-இல் ஹங்கேரி மக்கள் எழுந்தார்கள். அங்கேயும் டாங்கிகள் வந்தன. 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் துப்செக் என்ற தலைவர் ஆட்சியில் இருந்தார். அவரும் கம்யூனிஸ்டுதான். மக்களுக்குப் பேச்சுரிமையும் எழுத்துரிமையும் தர அவர் முயன்றார். அங்கேயும் டாங்கிகள் வந்தன. கேள்வி கேட்டால் டாங்கி வரும் என்று மக்கள் தெரிந்துகொண்டார்கள்.

காலால் போட்ட ஓட்டு

கிழக்கு ஜெர்மனியில் நல்லதே இல்லையா? இருந்தது. எல்லோருக்கும் வேலை இருந்தது. வீட்டு வாடகை குறைவு. ரொட்டி விலை குறைவு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பால்வாடிகள் இருந்தன. பெண்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். படிப்பும் மருத்துவமும் பணக்காரருக்கு மட்டும் என்று இல்லை.

ஆனால் கடையில் பல பொருள்கள் கிடைக்காது. ஒரு கார் வாங்கப் பெயர் பதிந்தால் பத்து ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். செய்தித்தாளில் அரசு சொல்வது மட்டுமே வரும். விரும்பிய ஊருக்குப் போக முடியாது.

தேர்தல் நடக்கும். ஆனால் சீட்டில் ஒரே ஒரு பட்டியல்தான். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான். மறைவிடத்துக்குப் போய்ப் பெயரை அடித்தால், போனவர் யார் என்று குறித்துக்கொள்வார்கள். மறைவாக ஓட்டுப் போடுவதே குற்றம் போல ஆகிவிட்டது.

உளவுத்துறை ஒன்றும் இருந்தது. அதை மக்கள் 'ஸ்டாசி' என்றார்கள். நாட்டின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 60 லட்சம். 1989-இல் உளவுத்துறையில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91 ஆயிரம் பேர். இது போக, ரகசியமாகத் தகவல் சொன்னவர்கள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர் கூட வேலை செய்பவராக இருக்கலாம். நண்பராக இருக்கலாம். சில வீடுகளில் கணவனே மனைவியைப் பற்றித் தகவல் கொடுத்தான்.

பேச முடியாத மக்கள் என்ன செய்வார்கள்? ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பெர்லின் நகரத்துக்குள் மட்டும் வழி திறந்திருந்தது. ரயில் ஏறினால் மேற்கு பெர்லின் வந்துவிடும். 1949-க்கும் 1961-க்கும் இடையே சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போனார்கள். அவர்களில் மருத்துவர்கள், ஆசிரியர்கள், தொழில் தெரிந்தவர்கள், இளைஞர்கள் நிறையப் பேர். பெட்டியில் ஓட்டுப் போட வழி இல்லாதவர்கள் காலால் ஓட்டுப் போட்டார்கள்.

நாடு காலியாகிவிடும் போல் இருந்தது. அப்போதுதான் அரசு சுவர் எழுப்பியது.

சுவரும் சாவும்

மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர் நீளத்துக்குக் காவல் எல்லை அமைந்தது. அதில் 43 கிலோமீட்டர் நகரத்தை நடுவே வெட்டிக்கொண்டு போனது. ரயில் பாதைகள் துண்டாயின. மறுபக்கம் வேலைக்குப் போனவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். காதலர்கள் பிரிந்தார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டி கை அசைத்தாள்.

பின்னாளில் கட்டிய கான்கிரீட் சுவர் சுமார் 12 அடி உயரம். ஒரு சுவர் தாண்டினால் இன்னொரு சுவர். நடுவே மணல் பரப்பு. காலடித்தடம் பதிந்தால் தெரிவதற்காக மணலை வாரி வாரிச் சமமாக வைத்தார்கள். காவல் கோபுரம், விளக்கு, நாய் எல்லாம் உண்டு.

"எதிரிகள் உள்ளே வராமல் தடுக்கவே இந்தச் சுவர்" என்று அரசு சொன்னது. ஆனால் தடைகள் எல்லாம் உள்ளே இருக்கும் மக்களைத் தடுப்பதற்காகவே அமைந்திருந்தன.

பெர்னாவர் என்று ஒரு தெரு. அங்கே வீடுகள் கிழக்கில். வீட்டு வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கில்! மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். மேற்கு பெர்லின் தீயணைப்புக்காரர்கள் கீழே துணி விரித்துப் பிடித்தார்கள். சிலர் பிழைத்தார்கள். சிலர் தவறி விழுந்து இறந்தார்கள். பிறகு அரசு அந்த ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தது.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18 வயதுக் கொத்தனார் ஒருவர் சுவர் ஏறினார். காவலர்கள் சுட்டார்கள். அவர் சுவர் அடியில் கிழக்குப் பக்கம் விழுந்தார். உதவி கேட்டுக் கத்தினார். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் தூக்க வரவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இரத்தம் ஒழுகக் கிடந்தார். இறந்தார்.

பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் இப்படி உயிர் இழந்தார்கள்.

ஆனாலும் மக்கள் முயன்றார்கள். 1964-இல் மேற்குப் பக்கமிருந்து மாணவர்கள் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். அதன் வழியே 57 பேர் வெளியே வந்தார்கள். 1979-இல் வேறு ஓர் எல்லைப் பகுதியில் இரண்டு குடும்பங்கள் வீட்டிலேயே வெப்பக்காற்றுப் பலூன் தைத்தன. நிறையத் துணி ஒரே கடையில் வாங்கினால் சந்தேகம் வரும். ஆகவே ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். முந்தைய முயற்சி தோற்றது. விடவில்லை. செப்டம்பர் மாதம் ஓர் இரவு பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் நால்வர் பலூனில் ஏறி எல்லையைத் தாண்டி மேற்கு ஜெர்மனியில் இறங்கினார்கள்.

கப்பல் பட்டறையில் தொடங்கிய மாற்றம்

சுவர் பெர்லினில் இருந்தது. ஆனால் அதை அசைத்த முதல் கை பக்கத்து நாடான போலந்தில் இருந்து வந்தது.

போலந்தில் க்தான்ஸ்க் என்ற துறைமுக நகரம் உண்டு. அங்கே பெரிய கப்பல் கட்டும் பட்டறை. அன்னா வாலென்டினோவிச் என்ற பெண் அங்கே பாரம் தூக்கும் கிரேன் ஓட்டினார். தொழிலாளர் நியாயத்துக்காகப் பேசுபவர். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

"அன்னாவைத் திரும்ப வேலையில் சேர்" என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லேக் வலேசா என்ற எலக்ட்ரீஷியன் தலைமை ஏற்றார். அவரும் முன்பே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்தான். வேலை நிறுத்தம் நாடெங்கும் பரவியது. அரசு இறங்கி வந்தது. 'சாலிடாரிட்டி' என்ற சுதந்திரமான தொழிற்சங்கம் பிறந்தது. ஒற்றுமை என்பது அதன் பொருள். சுமார் 1 கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள்.

1981 டிசம்பரில் அரசு இராணுவச் சட்டம் போட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சங்கத்துக்குத் தடை வந்தது. ஆனால் மக்கள் விடவில்லை. வீடுகளில் ஒளித்து வைத்துத் துண்டறிக்கையும் செய்தித்தாளும் அச்சிட்டார்கள். கைக்குக் கை கொடுத்துப் படித்தார்கள். இப்படி எட்டு ஆண்டுகள்.

மாஸ்கோவில் ஒரு புதிய குரல்

1985-ஆம் ஆண்டு மிகையில் கோர்பச்சேவ் சோவியத் யூனியனின் தலைவர் ஆனார். நாடு கஷ்டத்தில் இருந்தது. ஆயுதத்துக்குப் பெரும் பணம் போனது. ஆப்கானிஸ்தான் போர் இரத்தம் குடித்தது. எண்ணெய் விலை விழுந்தது. 1986-இல் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தது. முதலில் அதை மக்களிடம் மறைத்தார்கள்.

மறைத்தால் நாடு பிழைக்காது என்று கோர்பச்சேவ் நினைத்தார். பேசுங்கள், எழுதுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். எந்த நாடும் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்றார். அதாவது, இனி டாங்கி வராது!

இதுதான் பெரிய மாற்றம். கிழக்கு நாடுகளின் ஆட்சிகள் சோவியத் டாங்கியின் பலத்தில் நின்றன. அந்த முட்டுக்கட்டை எடுபட்டது.

1989 ஜூன் 4-ஆம் தேதி போலந்தில் தேர்தல் நடந்தது. முழுச் சுதந்திரத் தேர்தல் இல்லை. ஆனால் மேலவையின் 100 இடங்களுக்கும் யாரும் நிற்கலாம். அதில் 99 இடங்களைச் சாலிடாரிட்டி வென்றது. ஆகஸ்ட் மாதம் அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் பிரதமர் ஆனார்.

வேலியில் விழுந்த ஓட்டை

அதே ஆண்டு மே மாதம் ஹங்கேரி அரசு ஆஸ்திரியா நாட்டு எல்லையில் இருந்த வேலியை அறுக்கத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மனி மக்கள் விடுமுறைக்கு ஹங்கேரி போவது வழக்கம். அந்தக் கோடையில் போனவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. செப்டம்பர் 11-ஆம் தேதி ஹங்கேரி அவர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டது. ஆயிரம் ஆயிரமாய் மேற்கே போனார்கள்.

பெரிய பானையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. தண்ணீர் நிற்குமா?

"நாங்கள்தான் மக்கள்"

ஆனால் ஊரை விட்டுப் போகாதவர்களும் இருந்தார்கள். "நாங்கள் ஏன் போக வேண்டும்? ஆட்சி திருந்தட்டும்" என்றார்கள்.

1989 மே மாதம் கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 98.85 சதவீதம் பேர் ஆதரவு என்று அரசு அறிவித்தது. இந்த முறை சாதாரண மக்கள் சிலர் ஓட்டு எண்ணும் இடங்களுக்குப் போய் நின்றார்கள். சொன்ன எண்களைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். பிறகு கூட்டிப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. பொய் கையும் களவுமாகப் பிடிபட்டது.

லைப்சிக் நகரில் ஒரு பழைய தேவாலயம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே சமாதானப் பிரார்த்தனை நடக்கும். பிறகு மக்கள் ஊர்வலம் போவார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி நகரத்தில் ஒரே பயம். போலீசும் படையும் குவிந்திருந்தன. ஜூன் மாதம்தான் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் போராடியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இங்கேயும் அப்படி ஆகுமோ?

ஆனாலும் சுமார் 70 ஆயிரம் பேர் வந்தார்கள். பலர் கையில் மெழுகுவர்த்தி. ஒரு கையில் மெழுகுவர்த்தி. மறு கை காற்று படாமல் மறைக்க. கல் எடுக்கக் கை ஏது? "வன்முறை வேண்டாம்" என்றார்கள். "நாங்கள்தான் மக்கள்" என்று முழங்கினார்கள்.

ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அன்றைக்கே பாதிச் சுவர் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஏனென்றால் பயம் விழுந்துவிட்டது.

படிக்காமல் கொண்டுவந்த ஒரு தாள்

அரசு தலைவரை மாற்றிப் பார்த்தது. கூட்டம் குறையவில்லை. சரி, வெளிநாடு போக விதிகளைத் தளர்த்தலாம் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலை முதல், அனுமதி கேட்டு மனுக் கொடுத்துப் போகலாம் என்பது திட்டம்.

நவம்பர் 9-ஆம் தேதி மாலை. கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். புதிய விதிகள் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதை முன்கூட்டியே சரியாகப் படிக்கவில்லை. எல்லோர் முன்னும் படித்தார்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டார்கள்.

அவர் தாள்களைப் புரட்டினார். தேடினார். தனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதம் இல்லாமல் என்று சொல்லிவிட்டார்!

தொலைக்காட்சியில் செய்தி வந்தது. மக்கள் சுவரை நோக்கி நடந்தார்கள். நூறு பேர், ஆயிரம் பேர், பல ஆயிரம் பேர். காவலர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். தெளிவான பதில் இல்லை. எதிரே கடல் போல் கூட்டம். "திற, திற" என்ற குரல்.

சுடலாம். அல்லது திறக்கலாம். இரவு சுமார் 11.30 மணிக்கு அவர் கதவைத் திறக்கச் சொன்னார்.

முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். சுவர் மேல் ஏறி நின்று பாடினார்கள். சிலர் சுத்தியலும் உளியும் கொண்டுவந்து சுவரைக் கொத்தினார்கள். 28 ஆண்டு நின்ற சுவருக்கு அந்த இரவோடு வேலை இல்லாமல் போயிற்று.

ஒன்றன் பின் ஒன்றாக

அதன் பிறகு கம்யூனிஸ்டு ஆட்சிகள் வரிசையாகச் சரிந்தன. மறுநாளே பல்கேரியாவில் நெடுநாள் தலைவர் பதவி இழந்தார். செக்கோஸ்லோவாக்கியாவில் மக்கள் சாவிக்கொத்துகளைக் குலுக்கி ஒலி எழுப்பி ஊர்வலம் போனார்கள். அரசால் சிறை வைக்கப்பட்டிருந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவல் டிசம்பர் 29-ஆம் தேதி அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். ருமேனியாவில் மட்டும் இரத்தம் சிந்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்குவும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1990 அக்டோபர் 3-ஆம் தேதி இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது. ஒரு நாடு 15 நாடுகள் ஆயிற்று.

விடிந்த பிறகு

சுவர் விழுந்ததும் எல்லாத் துன்பமும் தீர்ந்ததா? இல்லை.

கிழக்கு ஜெர்மனியின் அரசுத் தொழிற்சாலைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. பல மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வேலை என்றால் சாகும்வரை உண்டு என்று இருந்தவர்களுக்கு இது பேரிடி. பல இடங்களில் பால்வாடிகள் மூடின. பெண்களுக்கு இது பெரிய அடி. இளைஞர்கள் மேற்கே போனார்கள். ஊர்களில் கிழவர்கள் தங்கினார்கள். "எங்களை இரண்டாம் தர மக்களாக நடத்துகிறார்கள்" என்ற மனக்குறை அங்கே நெடுநாள் நீடித்தது.

ரஷ்யாவில் விலைவாசி ஏறியது. சேமிப்பு கரைந்தது. பொதுச் சொத்தைச் சிலர் வாரிச் சுருட்டிக்கொண்டார்கள். யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்தபோது பெரும் போர்கள் நடந்தன. சோவியத் யூனியனில் இருந்து பிரிந்த உக்ரைன் மீது 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. ஐரோப்பாவின் எல்லைச் சண்டை 1989-உடன் முடியவில்லை.

இருந்தாலும் மக்கள் அடைந்ததும் சிறிது அல்ல. பல கட்சிகள் தேர்தலில் நிற்கின்றன. 2004-இல் முன்பு கம்யூனிஸ்டு ஆட்சியில் இருந்த எட்டு நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த அங்கெலா மெர்க்கல் என்ற பெண், ஒன்றான ஜெர்மனியைப் பிரதமராக இருந்து 2005 முதல் 2021 வரை ஆண்டார்.

உளவுத்துறைக் கோப்புகள் என்ன ஆயின? அதிகாரிகள் அவற்றைக் கிழிக்கத் தொடங்கினார்கள். மக்கள் உளவுத்துறை அலுவலகங்களுக்குள் புகுந்து தடுத்தார்கள். அடுக்கி வைத்தால் சுமார் 111 கிலோமீட்டர் நீளம் வரும் தாள்கள் மிஞ்சின. 1992 முதல், தன்னைப் பற்றி அரசு என்ன எழுதியது என்று ஒவ்வொருவரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று சட்டம் வந்தது. லட்சக்கணக்கானோர் படித்தார்கள். தன்னை வேவு பார்த்தது தன் நண்பனே என்று படித்து அழுதவர்களும் உண்டு. ஆனாலும் உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சுவர் இருந்த இடம்

இன்று பெர்லினில் சுவரின் சில துண்டுகள் மட்டும் நினைவுக்காக நிற்கின்றன. நகரின் நடுவே பல இடங்களில் சுவர் போன வழியைக் காட்டச் சாலையில் இரண்டு வரிசைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் பஸ் போகிறது. சைக்கிள் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போகிறார்கள். யாரும் அவர்களை நிறுத்துவதில்லை.

உழைப்பவருக்கு வேலையும் ரொட்டியும் தருவோம் என்று வந்த ஆட்சி அது. அந்த நோக்கம் தவறு இல்லை. ஆனால் மக்கள் பேசுவதற்கும், ஓட்டை மாற்றிப் போடுவதற்கும், போய் வருவதற்கும் அது பயந்தது. வயிற்றுக்குச் சோறு வேண்டும். வாய்க்குப் பேச்சும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பிடுங்கிய ஆட்சி கடைசியில் சுவரை நம்பி நின்றது. மக்கள் நடந்து வந்ததும் சுவர் விழுந்தது.

கூடிப் பேசுங்கள்

1. கிழக்கு ஜெர்மனி அரசு சுவர் கட்டியதற்குச் சொன்ன காரணம் என்ன? உண்மையான காரணம் என்ன?

2. ஓட்டு எண்ணும் இடத்தில் மக்கள் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். அதனால் என்ன பயன் விளைந்தது?

3. சோதனைச் சாவடி அதிகாரியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

4. சுவர் விழுந்த பிறகு லாபம் அடைந்தவர்கள் யார்? நஷ்டம் அடைந்தவர்கள் யார்?

5. நம் ஊரில் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் உண்டா? அவற்றைப் பற்றி நான்கு வரி எழுதிப் பாருங்கள்.